முதலில் பெட்டி, பிறகு பாம்பு

மேற்கு லண்டனில் ஊர்வன விற்கும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தேன். முதல் வேலையாக என் கையில் ஒரு வெப்பமானியையும் நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் சூடான பக்கம் எத்தனை டிகிரி, குளிர்ந்த பக்கம் எத்தனை டிகிரி என்று காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். பாம்பைத் தொடும் வேலை அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். “பாம்பு தானாச் சூடு உண்டாக்காது தம்பி. நாங்கள் குடுக்கிற சூட்டிலதான் அதுக்குச் சாப்பாடு செமிக்கும். சூடு பிழைச்சா எல்லாம் பிழைச்சுப் போகும், விளங்குதே?” என்றார். இரையை விழுங்கிய பாம்புக்குப் போதிய சூடு கிடைக்காவிட்டால், இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். அந்த நோட்டுப் புத்தகம் எதற்கு என்பது அப்போது புரிந்தது.

அங்கே நான் அதிகம் பழகியது கென்ய மண்ணுளிப் பாம்புடன். இதுவும் ஒரு போவாதான். போவா என்றதும் பலருக்கும் அனகோண்டா போன்ற பெரிய உருவம்தான் மனதில் வரும். இதுவோ மிகச் சிறிய போவா வகைகளில் ஒன்று. ஆண் ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது. பெண் இரண்டிலிருந்து இரண்டரை அடி வரை வளரும். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தின் மேல் கரும்பழுப்புத் திட்டுகள், வெளுத்த வயிறு, மழுங்கிய முகம், குட்டையான வால். கண்கள் சிறியவை, தலையின் மேற்புறமாக அமைந்திருக்கும். உடல் முழுவதும் மணலுக்குள் இருக்க, கண்ணை மட்டும் வெளியே வைத்து இரைக்குக் காத்திருப்பதற்கான அமைப்பு அது. எகிப்து, சூடான் தொடங்கிக் கென்யா, தான்சானியா வரை வறண்ட நிலங்களில் வாழ்கிறது. முட்டையிடாமல் குட்டி போடும். நம் ஊர் வயல்வெளியில் காணும் மண்ணுளியும் இதே எரிக்ஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

புதிதாகப் பாம்பு வளர்க்க விரும்புவோருக்கு இது ஏற்றது என்று சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நஞ்சு கிடையாது. பெரிய இடம் தேவையில்லை. ஈரப்பதத்தை உயர்த்திவைக்கும் பாடும் இல்லை. ஆனால் வாங்குபவர் ஓர் உண்மையை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பாம்பு நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியிலேயே கழிக்கும். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும், அடிக்கடி கையில் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இது சரிப்படாது. நன்றாகப் பராமரித்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். “இருவது வருசம் வைச்சிருப்பீங்களோ எண்டு முதல் கேளும். விலையைப் பிறகு சொல்லும்” என்பது அண்ணை எனக்குச் சொல்லித்தந்த வியாபார முறை.

இனி பெட்டி. வளர்ந்த பாம்புக்கு மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பெட்டி போதும். உடலை முழுவதுமாக நீட்டிப் படுக்க அதில் இடமிருக்கும். உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். குட்டியை இதைவிடச் சிறிய பெட்டியில் தொடங்குவது நல்லது. இரையைக் கண்டுபிடிக்க அதற்கு எளிது, கவனிப்பது நமக்கும் எளிது. மூடிக்குப் பூட்டு கட்டாயம். மூக்கை நுழைக்கக் கிடைக்கும் சிறு இடைவெளியையும் பாம்பு விடாது. வயர் போகும் துளைகளைக்கூட விரலால் தடவிப் பார்த்து அடைப்போம்.

தொழிலின் நுட்பம் சூட்டில் இருக்கிறது. ஹீட் மேட் என்று சொல்லப்படும் மின்விரிப்பை, பெட்டித் தரைக்கு அடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். எதிர்ப்பக்கம் 24 முதல் 27. பாம்பு தனக்கு எப்போது எந்தச் சூடு வேண்டுமோ அந்த இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அதற்குப் போக்கிடமே இல்லாமல் போய்விடும்.

மண்ணுளியில் இன்னொரு சங்கதி உண்டு. மற்றப் பாம்புகள் பல மேலே படுத்துச் சூடு காயும். இது கீழே துளைத்துப் போய்க் கண்ணாடித் தரையிலேயே வயிற்றை ஒட்டிக்கொள்ளும். மேலே போட்ட மரச்சீவல் சூட்டை மேலெழ விடாமல் அடைத்துவைக்கும். மேற்பரப்பில் வெப்பமானி 30 டிகிரி காட்டும்போது, அடியில் கண்ணாடி தோல் வெந்துபோகும் அளவுக்குக் கொதித்துக்கொண்டிருக்கலாம். அதனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை மின்சாரத்தில் செருகவே கூடாது. தெர்மோஸ்டாட்டின் சூடறியும் முனையை, ஹீட் மேட்டுக்கு நேர் மேலே, சீவலுக்கு அடியில், தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். அண்ணை அதை வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முனையைத் தரையில் பதித்து, வயரை ஓரமாக இழுத்துப் பெட்டிக்கு வெளிப்பக்கத்தில் கட்டுவார். உள்ளே ஒட்டும் டேப் வைக்க விடமாட்டார். டேப்பில் ஒட்டிக்கொள்ளும் பாம்பின் செதில்கள் பிய்ந்துவிடும். அதன் பிறகு வேறொரு வெப்பமானியை அதே இடத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுந்திருப்பார்.

மேலே விரிப்பதற்கு ஆஸ்பென் மரச்சீவலையே பயன்படுத்தினோம், குறைந்தது நான்கு அங்குலம் உயரத்துக்கு. பைன், தேவதாரு சீவல்கள் வாசனையாக இருக்கும். அந்த வாசனைக்குக் காரணமான எண்ணெய்கள் பாம்பின் நுரையீரலுக்குக் கேடு. சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்றுதான் இருந்தால், பாம்பு பாதுகாப்பை விரும்பிச் சூட்டை இழக்கும், அல்லது சூட்டை விரும்பிப் பாதுகாப்பை இழக்கும். தண்ணீர்க் கிண்ணம் சிறியதாக, கனமாக, குளிர்ந்த பக்கம் இருக்கட்டும். அடியில் துளைத்து வரும் பாம்பு இலேசான கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும். சீவல் நனைந்து கிடந்தால் தோலில் கொப்புளம் வரும், மூச்சுக் கோளாறும் வரும். இத்தனையும் முடித்து, வெறும் பெட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பாம்பைத் தேர்ந்தெடுக்கப் போக வேண்டும்.

தேர்வில் முதல் கேள்வி, பாம்பு பண்ணையில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்பது. காட்டில் பிடித்த பாம்பு ஒட்டுண்ணிகளோடும் பயத்தோடும் வரும். இரை எடுக்க மறுப்பதும் அதிகம். பண்ணையில் பிறந்த பாம்பை வாங்கும்போது ஒரு வனத்திலிருந்து ஓர் உயிரைக் குறைத்த பழியும் நமக்கில்லை. இரண்டாவது, தீனிக் குறிப்பு. எந்தத் தேதியில் என்ன தின்றது, எப்போது தோல் உரித்தது என்று எழுதிவைத்த தாளைக் கேட்டு வாங்க வேண்டும். தொடர்ந்து பல முறை தயங்காமல் தின்ற குட்டியே வீட்டுக்குப் போகத் தகுதியானது.

பிறகு பாம்பைக் கையில் எடுப்போம். மேலிருந்து கொத்தாகப் பிடிக்கக் கூடாது. சீவலுக்குள் விரல்களை நுழைத்து, அடியிலிருந்து ஏந்தி எடுக்க வேண்டும். உடல் உருண்டு திரண்டு இருக்கிறதா, முதுகெலும்பு துருத்துகிறதா என்பது உள்ளங்கைக்கே தெரியும். காதருகே பிடித்தால் மூச்சில் சீட்டியோ களகளப்போ கேட்கக் கூடாது. வாயோரத்தில் குமிழியோ சளியோ இருக்கக் கூடாது. இரண்டு கண்களும் ஒன்றுபோலத் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மங்கியிருந்தால் பழைய தோல் கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கழிவுத்துளை சுத்தமாக இருக்க வேண்டும். அதன் இருபுறமும் பூர்வீகக் கால்களின் எச்சமாகச் சின்ன முள் இருக்கும். ஆணுக்கு அது எடுப்பாகத் தெரியும். வாலும் சற்று நீளம்.

கடைசியாக உண்ணிச் சோதனை. வெள்ளைத் துடைதாளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அதற்குள் பாம்பை மெல்ல ஊர்ந்து போகவிடுவோம். பிறகு தாளை விளக்குக்குக் கீழே விரித்துப் பார்ப்போம். மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் தென்பட்டு, அவற்றில் ஒன்று நகர்ந்தாலும் அந்தப் பாம்பு விற்பனைக்கு இல்லை. தனிப் பெட்டியில் போட்டு மருத்துவம் பார்க்க வேண்டியதுதான். கண்ணோரமும் தாடைக்கு அடியில் உள்ள மடிப்பும் உண்ணிகள் பதுங்கும் இடங்கள்.

வீட்டுக்கு வந்த பாம்பை ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும். அதன் பிறகு முதல் தீனி. உறையவைத்த எலியை இரவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, மறுநாள் பையோடு வெந்நீரில் இட்டுச் சூடாக்குவோம். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. பாம்பின் நடுவுடல் பருமனை மிஞ்சாத எலி போதும். குட்டிக்கு வாரம் ஒரு முறை. வளர்ந்ததற்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு முறை. இடுக்கியால் எலியைப் பிடித்துச் சீவலின் மேல் மெல்ல அசைத்தால், எங்கிருந்தோ ஒரு தலை பக்கவாட்டில் பாய்ந்து கவ்வி, கண் இமைப்பதற்குள் உடலைச் சுற்றி இறுக்கும். அவ்வளவு நேரமும் அசையாமல் கிடந்த உயிரா இது என்று ஒவ்வொரு முறையும் வியந்திருக்கிறேன். தின்ற பின் இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது. கண் நீலம் பூத்து மங்கினால் தோல் உரிக்கப்போகிறது. ஈரப்பாசி வைத்த சிறு டப்பா ஒன்றை உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பாம்பைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது விதி. ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு உயிருக்குத் தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வசதி, நோயிலிருந்து பாதுகாப்பு, துணையோடோ தனியாகவோ வாழும் தேவை ஆகியவற்றை வளர்ப்பவரின் கடமையாக்குகிறது. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விலங்கை விற்கவும் தடை. மண்ணுளி தனியாக வாழ்வது. துணைக்கு என்று இன்னொன்றைச் சேர்த்து விடுவது அன்பு ஆகாது. பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் தயாராக இல்லாதவரிடம் “முதல்ல பெட்டியை ஓடவிடுங்கோ, பாம்பு எங்கையும் போகாது” என்று சொல்லி அண்ணை திருப்பி அனுப்புவார். கையில் பணத்தோடு வந்தவரையே அப்படி அனுப்பும் நேர்மையைத்தான் அந்தக் கடையில் நான் கற்ற பெரிய பாடமாக நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மண்ணுளியை வீட்டில் வளர்ப்பதும் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருதலைப் பாம்பு என்றும், வைத்திருந்தால் செல்வம் கொட்டும் என்றும் சொல்லி இலட்சக்கணக்கில் விலை பேசும் கும்பல்கள் இருக்கின்றன. அதற்கு ஒரு தலைதான் உண்டு. மழுங்கிய வாலைத் தலைபோல் காட்டி எதிரியை ஏமாற்றித் தப்பிக்கும் அப்பாவி உயிர் அது. அது தரும் செல்வம் ஒன்றே ஒன்று: வயலில் எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது. அதைக் கண்டால் போக விடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருந்து, சிறிய போவா ஒன்றை வளர்க்க ஆசைப்பட்டால், இன்றே பெட்டியை வாங்கிச் சூட்டைச் சரிசெய்து குறிக்கத் தொடங்குங்கள். அந்த நோட்டில் ஒரு வாரம் ஒழுங்காக எழுத முடிந்தவர் பாம்பை வாங்கலாம். முடியாதவர் வாங்க வேண்டாம்.