அப்பாவின் கார்

கொழும்புக்கு இடமாற்றம் வந்தது. பெட்டி படுக்கைகளைக் கட்டுவது கடினமன்று. அப்பாவின் மொறிஸ் மைனர்தான் மனத்தை வாட்டியது. இங்கிலாந்தில் 1948இல் தொடங்கிய அதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. களுதாவளையில் எங்கள் கார் நிற்கவில்லை.

1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைச் சூறையாடியது. வீதியில் வீழ்ந்த தென்னைகளை ஊரார் வெட்டி அகற்ற, காயப்பட்டோரை அப்பா இந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார். பெற்றோலுக்குக் காசில்லாதோர் வெற்றிலைக் கட்டுத் தந்தார்கள்.

300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தை அதன் முதிய இயந்திரம் தாங்காது. ஆகவே லொறி பிடித்தேன். பலகைகளைச் சரிவாகச் சார்த்தி, அயலவர் பத்துப்பேர் தள்ளி ஏற்றினார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். கூலிக்கு ஒருவரும் கைநீட்டவில்லை.

“என்ட மகன் இந்தக் காருக்குள்ளதான் பிறந்தான், தம்பி. கவனமாக் கொண்டு போங்க” என்றார் வெற்றிலைத் தோட்டத்து மூதாட்டி.

பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. எனினும், ஊரின் பொதுச்சொத்தை ஊரார் கைகளாலேயே ஏற்றுவித்து அபகரித்துச் செல்வதாகவே உணர்ந்தேன். கல்லடிப் பாலத்தை அடையுமுன் லொறியைத் திருப்பச் சொல்ல வாய் எழுந்தது. சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.