புள்ளியை எண்ணினால் போதாது



குன்னூரில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவி ஒருத்தி பொறிவண்டுப் படம் அனுப்பி, "சார், இது புது இனமா?" என்கிறாள்.

படத்தை வைத்துச் சொல்ல முடியாதம்மா. ஒரே இனத்திலேயே புள்ளி கூடும், குறையும். இந்தியப் பொறிவண்டுகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டிய ஜே. பூரணி போன்றவர்கள் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். இப்போது மரபணுவும் பார்க்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய்வழியில் வருவது. அதை மட்டும் நம்புவது, பெண்ணின் அம்மா வீட்டாரை மட்டும் விசாரித்துச் சம்பந்தம் முடிப்பது போல!

இனம் தெரிவது முக்கியம். 1898-ல் காபியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலேமஸ் வண்டைக் கொண்டுவந்தார்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னப் போய்விட்டது. 1928-ல் நம் நீலகிரிச் சீகை மரங்களில் பஞ்சுச் செதில்பூச்சி கண்டபோது, அதையே தின்னும் ரொடோலியா கார்டினாலிஸை வரவழைத்தார்கள். உருளைக்கிழங்கு இலையைச் சுரண்டும் 28 புள்ளி வண்டும் இதே குடும்பம்தான்.

அதனால் மருந்தடிக்காதே. அது தின்பது இலையையா, பூச்சியையா என்று முதலில் பார். பிறகு நாலைந்தை எத்தனாலில் போட்டு, செடி, இடம், தேதி எழுதி வை. ஒன்றாவது ஆணாக இருக்கட்டும்.