ரீசெட் பண்ணா இலைக் கணக்கு போயிருமா?

லிப்ரே ஆபீஸ்ல பட்டன் எல்லாம் இடம் மாறிப் போச்சு, திறந்தா தொங்குதுன்னு யாராவது போன் பண்ணா, நம்ம பசங்க உடனே சொல்றது: "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க". வெட்டி வேலை! நம்ம செட்டிங்ஸ் எல்லாம் தனி ஃபோல்டர்ல இருக்கு. சாஃப்ட்வேரை எடுத்தாலும் அது போகாது. திரும்பப் போட்டா அதே கோளாறு வந்து நிக்கும்.

2017-ல வந்த 5.3 பதிப்புல இருந்து சுலப வழி இருக்கு. ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்', அதுக்குள்ள 'ரீசெட் டு ஃபேக்டரி செட்டிங்ஸ்'.

இதை இத்தலார்ல சொல்லிப் பாருங்க. எங்க ஊர்ல ஃபேக்டரின்னா தேயிலை ஃபேக்டரிதான் :) அதோட, செல்போன்ல ஃபேக்டரி ரீசெட் பண்ணா போட்டோ எல்லாம் போயிரும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால முதல் கேள்வியே, "தம்பி, இலைக் கணக்கு போயிருமா?"

நியாயமான பயம். வருஷக்கணக்கா ஏத்தின இலை எடை, உரக்கடன் எல்லாம் அதுல இருக்கு. போகாது. ஃபைல் இருக்கிற இடம் வேற, செட்டிங்ஸ் இருக்கிற இடம் வேற.

ஆனா "ஒண்ணுமே போகாது"ன்னு சொல்றதும் பொய். அங்க ரெண்டு டிக் இருக்கு. முதலாவது செட்டிங்ஸை மட்டும் பழையபடி ஆக்கும். ரெண்டாவது மொத்த ப்ரொஃபைலையும் அழிக்கும். அதுல அகராதியில சேர்த்த வார்த்தை, டெம்ப்ளேட், மேக்ரோ எல்லாம் போயிரும். சிவப்புக் கோடு விழாம இருக்க ஊர்ப் பேரு, ஆள் பேருன்னு ஒவ்வொண்ணா சேர்த்திருப்பாங்க. சேர்த்தது அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. கேட்டாலும் "ஒண்ணும் இல்லப்பா"ம்பாங்க.

அதனால ரெண்டாவது டிக் பக்கம் நான் போறதில்லை. முதலாவதுல சரியாகலைன்னா, லிப்ரே ஆபீஸை மூடச் சொல்லிட்டு, விண்டோஸ் கீயோட ஆர் அழுத்தச் சொல்வேன். வர்ற பெட்டியில பெர்சன்ட் குறி, ஆப்டேட்டா, மறுபடி பெர்சன்ட் குறி, இடைவெளி இல்லாம. அங்க லிப்ரே ஆபீஸ் ஃபோல்டர், அதுக்குள்ள 4 (பதிப்பு 24 வந்தப்புறமும் இது 4-தான், ஏன்னு கேக்காதீங்க), அதுக்குள்ள யூசர். அதை அழிக்காம பேரை மட்டும் மாத்தணும். அடுத்த தடவை திறக்கும்போது புதுசா ஒண்ணு தானா உருவாகும். வார்த்தைகள் திரும்ப வேணும்னா, மறுபடி மூடிட்டு, பழைய ஃபோல்டர்ல இருக்கிற 'வேர்ட்புக்'கை புதுசுக்குள்ள காப்பி பண்ணா போதும்.

மெனுவே காணோம்னு சொன்னா மட்டும், இதெல்லாம் தொடங்குறதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூணையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்க. பல நேரம் அது வெறும் ஃபுல் ஸ்க்ரீன்தான்.