“கொஞ்சம் குறைக்கக் கூடாதா?”

வீட்டில் அறை வாடகைக்கு விடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை ஓரிரு நாள் தங்குவோருக்குக் கொடுக்கிறோம். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதியில் வாங்கிய வீடு. மகளின் படிப்புச் செலவு இந்த வாடகையில்தான் நடக்கிறது.

2015-இல் மின்சார ரயில் இங்கு வந்த பிறகு, கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கி, பெரியில் பினாங்குத் தீவுக்குப் போவோர் பலர். பேரம் பேசுவது அவர்கள் உரிமை. சந்தையில் நாமும் பேசுகிறோமே!

ஆனால் கணக்குப் பாருங்கள். வாடகை 80 வெள்ளி. துணி வெளுக்க, மின்சாரம், தண்ணீர், சுத்தம் செய்ய 30 போனால் மிச்சம் 50. இருபது வெள்ளி குறைத்தால் விருந்தாளிக்குக் கால்பங்கு லாபம். நமக்கோ மிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும்.

மூன்று இரவு தங்கினால் குறையுங்கள். துணி வெளுப்பது ஒரு தடவைதான். வார நடுவிலும் குறைக்கலாம். காலியாகக் கிடந்த இரவின் வாடகை திரும்பி வராது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வரும் கூட்டத்தால் அறை தானே நிரம்பும். அப்போது குறைக்கவும் வேண்டாம், கொள்ளை அடிக்கவும் வேண்டாம்.

மறுக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். “எல்லாருக்கும் இதே வாடகைதான், ஐயா” என்றால் போதும்.

பினாங்கு மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வரும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு மட்டும், கேட்பதற்கு முன்பே குறைத்துவிடுகிறோம். மற்றவர்களிடம் உறுதியாக இருப்பதால்தான் அது முடிகிறது.