பட்டியலும் கடிதமும்

சென்ற தவணைப் பரீட்சை முடிந்ததும், வழக்கம்போல் என் வகுப்பினரின் புள்ளிகளை வரிசைப்படுத்தி அறிவித்தற் பலகையில் ஒட்டினேன். பட்டியலின் அடியிலே பெயர் கண்ட மாணவி அன்று முதல் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒரு கிழமை கழித்து அவளுடைய தாயார் வந்தார். "பிள்ளையை எல்லாருக்கும் முன்னாலை தலைகுனிய வைச்சிட்டியளே, சேர்" என்றார். இருபது ஆண்டு ஆசிரிய அநுபவம் அப்பொழுது எனக்குக் கைகொடுக்கவில்லை.

பிள்ளைகளை அளப்பது தவறா? இக்கேள்வி என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த வேளையிலேதான் அன்சன் டொறன்ஸ் என்னும் அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநரின் நினைவு வந்தது. அவரும் தம் மாணவிகளைப் பட்டியலிட்டவரே.

1951ஆம் ஆண்டு பம்பாயிலே பிறந்த அவர், தந்தையாரின் உத்தியோகம் காரணமாகப் பல நாடுகளில் வளர்ந்து, வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் பயின்று 1974இல் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே ஆண்கள் அணியைப் பயிற்றினார். அரசாங்கப் பணம் பெறும் கல்விக்கூடங்கள் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்ற சட்டம் 1972இல் அமெரிக்காவில் வந்தபின், பெண்களுக்கும் விளையாட்டுக் களத்தின் கதவு மெல்லத் திறந்தது. 1979இல் அப்பல்கலைக்கழகம் பெண்கள் அணியொன்றை அமைத்து, அதனையும் அவரிடமே ஒப்படைத்தது.

2024இல் அவர் ஓய்வு பெறும்வரை அவ்வணி 22 முறை தேசிய வெற்றி பெற்றது. 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1991இல் சீனாவில் நடந்த முதலாவது பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நோர்வேயை 2–1 என வென்ற அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்றுநர். புகழ்பெற்ற மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

அவருடைய முறை யாது? அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் டீன் சிமித், பயிற்சியில் நிகழ்வனவற்றையெல்லாம் பதிவுசெய்வதைக் கண்டு, தாமும் அவ்வழியைக் கைக்கொண்டார். ஓட்டம், பந்தடி, ஒருத்தியை ஒருத்தி எதிர்த்தாடும் ஆட்டம் யாவும் கணக்கிடப்பட்டன. முதலாவது யார், கடைசி யார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தோழியை வெல்வது தோழமைக்குத் துரோகம் என்று தயங்கிய பெண்களுக்கு, களத்திலே முழுமூச்சுடன் போட்டியிடுவது குற்றமன்று என்று அப்பட்டியல் உணர்த்திற்று. இன்று அடியில் நிற்பவள் அடுத்த பயிற்சியிலே மேலேறலாம்.

ஆனால், அவர் பட்டியலோடு நின்றுவிடவில்லை. ஆண்களை ஒன்றுகூட்டிக் கண்டித்தால், ஒவ்வொருவனும் அது அடுத்தவனுக்கென்று எண்ணுவான். பெண்களோ, ஒவ்வொருத்தியும் தன்னையே சொல்வதாக நினைந்து நோவாள். இரு அணிகளையும் பயிற்றிய அவர் கண்ட உண்மை இது. ஆதலின், இறுதியாண்டு மாணவி ஒவ்வொருத்திக்கும் அவர் ஒரு கடிதம் எழுதுவார். அவள் போட்ட கோல்களின் கணக்கன்று, அவள் எத்தகைய மனிதப்பிறவி என்பதே அதன் பொருள்.

அவர் குறையற்றவருமல்லர். மாணவிகளின் அந்தரங்க வாழ்வு பற்றித் தகாதவாறு பேசினார் என 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் வழக்குத் தொடுத்தனர். தொல்லை கொடுத்ததாகக் கூறியதை மறுத்த அவர், 2008இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தபோது, தாம் கலந்துகொண்ட கேலிப்பேச்சுத் தகாதது என எழுதி மன்னிப்புக் கோரினார். கிண்ணங்கள் எத்தனை வந்தாலும் வாய்விட்ட சொல்லை மீட்க முடியுமா? ஆசிரியனுக்கு நாவடக்கமே முதற் கல்வி.

பட்டியலைக் கிழித்தெறிய வேண்டுமென்று இன்றும் நான் கருதவில்லை. பட்டியலை ஒட்டிய கை கடிதத்தை எழுத மறந்ததே என் பிழை.

சென்ற கிழமை அந்த மாணவிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். புள்ளிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நோயுற்றுக் கிடந்த தோழிக்காக ஒரு மாதம் முழுவதும் பாடக் குறிப்புகளை இரண்டாவது கொப்பியில் அவள் எழுதி வந்ததைப் பார்த்திருந்தும், ஒருநாளேனும் பாராட்டாதிருந்தேன். அதையே எழுதினேன்.

மறுநாள் பாடத்தின் நடுவே அவள் எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டாள். அன்று முழுவதும் அந்தக் குரல் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.