அப்பாவும் ஜும்மா மசூதியும்

எங்கப்பா மேஸ்திரி. நாப்பது வருஷமா அம்பாசமுத்திரம் சுத்துவட்டாரத்துல வீடு கட்டினவர். மேஸ்திரிக்கு ஏதுய்யா ரிடையர்மெண்ட்னு கேக்காதீங்க. சாரத்துல ஏறாதேன்னு முட்டி சொல்லிருச்சு, அவ்வளவுதான்.

எங்க வீடும் அவர் கட்டினதுதான். ஊரான் வீட்டு வேலைக்கு ஆறு நாள், நம்ம வீட்டுக்கு ஞாயித்துக்கிழமைன்னு மூணு வருஷம் இழுத்து 1987ல முடிச்சார். போன தீபாவளிக்குப் போனப்போ நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "இதை இடிச்சிட்டு மாடியோட புதுசா கட்டிரலாம்ப்பா, இதுல என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு திண்ணைக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் போன்ல "சாப்ட்டியா", "அம்மாட்ட குடுக்கேன்", ரெண்டே வசனம்.

இந்தச் சூழ்நிலையில்தான் பிப்ரவரியில் அம்மாவும் அப்பாவும் டில்லிக்கு வந்தார்கள். அம்மாவுக்கு மயூர் விஹார் பக்கத்து வீட்டு மாமிகளே போதும், குதுப்மினார்கூட வேண்டாம். அப்பாவைத்தான் எங்கே கூட்டிப் போறதுன்னு தெரியல. "பழைய கட்டடம் எதாச்சும் காட்டு"ன்னார். ஜும்மா மசூதிக்குக் கிளம்பினோம்.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். டில்லிக்கு வந்து ஒம்போது வருஷத்துல அந்தப் பக்கம் இருபது தடவையாவது போயிருப்பேன். எல்லாம் கபாபுக்காக! மசூதியைப் பின்னணியில வச்சு போட்டோ எடுத்ததோட சரி.

மெட்ரோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா எதிர்ல கிழக்கு வாசல். செங்கோட்டையைப் பார்த்தபடி இருக்கு. ஷாஜகான் அதுவழியாத்தான் தொழுகைக்கு வருவாராம். மொத்த மசூதியும் போஜ்லா பஹாடிங்கற சின்னக் குன்று மேல நிக்குது. அதனால எந்த வாசல்னாலும் படியேறித்தான் ஆகணும். கிழக்கே 35, தெற்கே 33, வடக்கே 39. முட்டிவலிக்காரரை கரெக்டா வடக்கு வாசலுக்குக் கூட்டிட்டுப் போன என் அறிவை என்ன சொல்ல :-)

அப்பா ஏறல. முதல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்து படிக்கல்லைத் தடவிப் பார்த்தார். நடுவுல தேஞ்சு லேசா குழி விழுந்திருந்த இடத்துல கையை வச்சு, "எத்தன காலு பட்டுருக்கும்"னார். மூணு மாசத்துல 'சாப்ட்டியா' தவிர நான் கேட்ட முதல் வாக்கியம்.

செருப்பைக் கழட்டி கையில எடுத்துக்கிட்டு உள்ளே போனா, அடேங்கப்பா, அந்த முற்றம். கிட்டத்தட்ட நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். இருபத்தஞ்சாயிரம் பேர் நிக்கலாம்னு சொல்றாங்க. முழுக்க செங்கல் நிற மணற்கல் பாவிய தரை. காலையில அந்தக் கல் ஐஸ் மாதிரி, பாதத்துல ஊசி குத்துது. நடுவுல கைகால் கழுவுற தொட்டி. நான் புறாக்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன். திரும்பினா அப்பாவைக் காணோம். தேடினா, தொட்டி ஓரத்துல குத்தவச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு தண்ணியைப் பார்த்துக்கிட்டிருக்கார்.

"என்னப்பா?"

"தண்ணியவிட பெரிய ரசமட்டம் ஏதுல? கரைக்கல்லும் தண்ணியும் எங்கயாச்சும் விலகுதான்னு பாக்கேன்."

"விலகுதா?"

"அந்தா அந்த மூலையில ஒரு நூலு. முன்னூத்தம்பது வருசத்துக்கு அது பரவால்ல, விட்டுரலாம்." பெரிய மனசு பண்ணி ஷாஜகானை மன்னிச்சிட்டார்.

அதுக்கப்புறம் எனக்கு பாடம்தான். தொழுகைக்கூடத்துக்கு முன்னால பதினொரு வளைவு. நடு வளைவு மட்டும் மத்ததைவிட ரொம்ப உசரம். கிட்டப் போகப் போக அந்த நடு வளைவு பின்னாடி இருக்கிற பெரிய கும்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிருது. அப்பா நாலு எட்டு முன்னால போறார், பின்னால வர்றார், மறுபடி போறார். காவலுக்கு இருந்தவர் சந்தேகமாப் பார்த்தார். "தூரத்துல இருந்து வாரவனுக்கு கும்மட்டம். கிட்ட வந்தவனுக்கு வாசல். ரெண்டையும் ஒரே நேரத்துல காட்டல பாரு." இருபது தடவை கபாப் சாப்பிட வந்தவனுக்கு இது தோணவே இல்ல.

மூணு கும்மட்டமும் வெள்ளைப் பளிங்கு. மேலிருந்து கீழே கறுப்புப் பட்டை ஓடுது. ரெண்டு பக்கமும் நாப்பது மீட்டர் மினார்கள். அதுலயும் சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் நெட்டுக்குத்தான் கோடு. "கோடு நெட்டுக்குப் போட்டா உசரம் கூடுதலா தெரியும். குட்டையா இருக்கிறவன் கோடு போட்ட சட்டை போடுற மாதிரி"ன்னார். சொல்லிட்டு என் சட்டையைப் பார்த்தார். நான் கட்டம் போட்ட சட்டை. நல்லவேளை.

தொழுகைக்கூடத் தரையில வெள்ளைப் பளிங்கு பதிச்சு, கறுப்புக் கோட்டால தொழுகைப் பாய் மாதிரி கட்டம் கட்டமா பிரிச்சிருக்காங்க. ஆளுக்கு ஒண்ணு. மொத்தம் 899 கட்டம். அப்பா ஓரத்துல உக்காந்து நாலஞ்சு கட்டத்தை சாண் போட்டு அளந்தார். வெள்ளையும் கறுப்பும் சேர்ற இடத்துல நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் போகல. ஒண்ணும் பேசாம தலையை மட்டும் ஆட்டினார். கொத்தனார்கள் அப்படி ஆட்டினா என்ன அர்த்தம்னு சித்தாளுங்களைக் கேளுங்க. லேசுல கிடைக்காது.

வளைவுகளுக்கு மேல வெள்ளைப் பளிங்குல கறுப்பு எழுத்துப் பட்டைகள். என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். நடு வளைவு மேல 'யா ஹாதி', வழிகாட்டுபவனேன்னு அர்த்தம். மத்த பத்துலயும் பாரசீகத்துல கட்டின கதையும் ராஜா புகழும். 1650ல ஆரம்பிச்சு 1656ல முடிச்சாங்க, அஞ்சாயிரம் பேர் வேலை, பத்து லட்ச ரூபாய் செலவுன்னு எனக்குத் தெரிஞ்சதை எடுத்துவிட்டேன்.

"கொத்தன் பேரு இருக்கா?"

இல்லப்பா. எழுத்து எழுதினவர் பேர்தான் நூருல்லா அகமதுன்னு தெரியும். தாஜ்மகாலோட தலைமைக் கட்டடக்காரர்னு சொல்ற உஸ்தாத் அகமது லாஹோரியோட மகன்.

அப்பா கொஞ்ச நேரம் மேலயே பார்த்துக்கிட்டிருந்தார். "அப்பன் கல்லு. மவன் எழுத்து வேலைக்குப் போயிட்டானாக்கும்" என்றார். எனக்கு சுருக்குன்னுச்சு. குத்தினாரா, சும்மா சொன்னாரான்னு இன்னிவரைக்கும் தெரியல.

பேச்சை மாத்தணுமேன்னு மத்த கதையை ஆரம்பிச்சேன். கட்டி முடிச்ச ரெண்டே வருஷத்துல, 1658ல, ஷாஜகானை மகனே ஆக்ரா கோட்டையில அடைச்சிட்டான், 1666ல அங்கேயே செத்தார். (அப்பன் மகன் கதைக்குப் பயந்து ஓடி, அதைவிடப் பெரிய அப்பன் மகன் கதையில விழுந்தேன்.) அவசரமா 1857க்குத் தாவினேன். கலகம் முடிஞ்சதும் ஆங்கிலேயர்கள் மசூதியைப் பிடுங்கி பட்டாளத்தை உள்ளே குடிவச்சாங்க. இடிச்சிரலாம்னுகூட பேச்சு வந்தது. 1862லதான் திருப்பிக் கொடுத்தாங்க. ஆனா கோட்டைக்கும் இதுக்கும் நடுவுல இருந்த வீடு, கடை எல்லாத்தையும் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. கொஞ்சம் தள்ளி இருந்த அக்பராபாதி மசூதியையும் இடிச்சிட்டாங்க...

பாதியிலயே உறைச்சிருச்சு, யார்கிட்ட என்ன கதை சொல்லிட்டிருக்கோம்னு. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அப்பா எதுவும் காட்டிக்கல. "இடிக்க எத்தன நாளு ஆயிருக்கும்?"னு மட்டும் கேட்டார். தெரியலப்பான்னேன்.

2022 மே மாசம் அடிச்ச புயல்காத்துல நடுக்கும்மட்டத்தோட கலசம் உடைஞ்சு விழுந்ததைச் சொன்னேன். உடனே ஆள் மாறிட்டார். "அவ்வளவு உசரத்துக்கு சாரம் எப்படிக் கட்டினான்? மூங்கிலா, இரும்பா? கலசத்தை எப்படி ஏத்தினான்?" கேள்வி மேல கேள்வி. ஒண்ணுக்கும் பதில் தெரியாம முழிச்சேன். முட்டியை மறந்து மினார் அடி வரைக்கும் போய் அண்ணாந்து பார்த்துட்டு வந்தார். உள்ள 130 படின்னதும் மட்டும் திரும்பிட்டார்.

அன்னிக்குக் கபாப் இல்ல. வெளியே டீயும் பிஸ்கட்டும்தான்.

திரும்பி வரும்போது மெட்ரோவுல அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அறுபத்து மூணு படம். என்னை வச்சு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் கல் இடுக்கு, படி ஓரம், வளைவு சேர்ற முனை. ஒரு வளைவைப் பெருசு பண்ணிக் காட்டி, "நம்ம வீட்டுத் திண்ணைக்கு மேல ஆர்ச்சு இருக்குல்ல, பாத்திருக்கியால?"ன்னு கேட்டார்.

பிறந்ததுல இருந்து அதுக்குக் கீழதான் போய் வந்துட்டிருக்கேன். எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகம் வரல.

"ஏன்ப்பா, அதுல என்ன?"

"ஊருக்கு வாரப்ப பாரு"ன்னுட்டு கண்ணை மூடிக்கிட்டார். மண்டி ஹவுஸ்ல வண்டி மாறணும். அதுவரைக்கும் அவர் தூங்கலைன்னு எனக்குத் தெரியும். நானும் எழுப்பல.