ஸ்ரீஹரிகோட்டையில் ஒரு காலைப்பொழுது

விஜயவாடா வழியாகச் சென்னைக்குப் போய்வரும் நம் சங்க அன்பர்கள், சூலூர்ப்பேட்டை நிலையத்தைச் சன்னல் வழியே பலமுறை கண்டிருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள். பத்தாண்டுகளாக நாமும் அப்படித்தான் இருந்தோம். 2023-ஆம் ஆண்டு நவராத்திரி விடுமுறையில் குடும்பத்துடன் ஊருக்குச் சென்றபோது, எட்டு வயது மகனின் பிடிவாதத்தால் அங்கே தங்க நேர்ந்தது.

ஊருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் நடுவே சாலை செல்கிறது. இருபுறமும் உவர்நீர்ப் பரப்பு. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் இடம் இது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டை. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் முதல் சிறு ராக்கெட் இங்கிருந்து எழுந்தது. இவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கே ஏவப்படும் ராக்கெட்டுக்கு விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இனாமாகக் கிடைக்கிறது. மலையேறும் வண்டியைப் பின்னிருந்து தள்ளும் எஞ்சினைப் போன்றது இவ்வுதவி. கோளாறு நேர்ந்தாலும் வீழ்வது கடலில். குடியிருப்புகளின் மேல் அன்று.

அக்டோபர் 21, சனிக்கிழமை. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முக்கியமான சோதனை அன்று நிகழவிருந்தது. ராக்கெட்டுக்கு ஆபத்து நேர்ந்தால், வீரர்கள் இருக்கும் கூண்டை மட்டும் பிரித்துக் காப்பாற்ற இயலுமா என்பதே சோதனை. கூண்டில் அன்று ஆள் எவரும் இல்லை. காலை 8 மணிக்குக் குறித்திருந்தது வானிலையால் தள்ளிப்போயிற்று. பார்வையாளர் அரங்கில் யாவரும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, 5 விநாடிகள் எஞ்சியிருக்கையில் கணிப்பொறி ஏவுதலை நிறுத்திவிட்டது. அரங்கெங்கும் பெருமூச்சு.

“இதுவும் உங்கள் ரயிலைப் போலத்தானா, அப்பா?” என்றான் மகன். அருகிலிருந்தோர் நகைத்தனர்.

நாமோ விசாரணை முகப்பில் அமர்ந்து, வண்டி ஏன் தாமதம் என்பாரின் கோபத்தை நாள்தோறும் ஏற்பவர்கள். அன்று நமக்குச் சினம் வரவில்லை. “சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிதான் தம்பி ஊர் போய்ச் சேரும்” என்றோம்.

கோளாறு ஆராயப்பட்டு, 10 மணிக்கு ராக்கெட் எழுந்தது. ஒளி முன்னும் ஓசை பின்னுமாக வந்தன. சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் கூண்டு பிரிந்தது. பாராசூட்டுகள் விரிய, கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் கடலில் இறங்கியது. கடற்படையினர் அதை மீட்டனர். மகன் துள்ளிய துள்ளலை எழுத்தில் அடக்க இயலாது.

ரயில்வேயில் வருவாயின் பெரும்பகுதி சரக்கு வண்டிகளாலே கிடைக்கிறது. பயணி வண்டியிலோ பொறுப்பு பெரிது. விண்வெளியிலும் அதே கணக்கு. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஒன்வெப் என்னும் அயல்நாட்டு நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை, கட்டணம் பெற்று, இத்தீவிலிருந்தே நம் நாடு ஏற்றி அனுப்பிற்று. ஆயினும் உலக விண்வெளி வாணிபத்தில் நம் பங்கு சுமார் 2 சதவிகிதமே என்று அரசாங்கம் கூறுகிறது. மனிதரை ஏற்றிச் செல்வதில் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். 1984-இல் ராகேஷ் சர்மா சோவியத் நாட்டின் விருந்தினராகச் சென்றார். 2025-இல் சுபான்ஷு சுக்லா, இந்தியா கட்டணம் செலுத்திய இருக்கையில், அமெரிக்க ஊர்தியில் சென்று வந்தார். சொந்த வண்டியில் மனிதரை அனுப்பியவை சோவியத் நாடு, அமெரிக்கா, சீனா ஆகிய மூன்றே.

நம் வண்டி 2022-இல் புறப்படும் என்று 2018-இல் அறிவித்தார்கள். இதை எழுதும்போது 2027 என்கிறார்கள். தேர்வான நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவருக்கும் வீட்டில் காத்திருப்போர் உண்டல்லவா? அவர்களை எண்ணும்போது இத்தாமதம் நமக்குக் குறையாகத் தோன்றவில்லை.

ஊருக்குச் செல்லும் அன்பர்கள் ஏவுதல் நாளை அறிந்து, முன்பே பெயரைப் பதிவு செய்துகொண்டு, ஒருமுறை சூலூர்ப்பேட்டையில் இறங்குங்கள். குழந்தைகளுக்குக் குடிநீரும் குடையும் மறவாதீர்கள். நேரமாகிவிட்டால் பொறுத்திருங்கள்.